வெள்ளம் தாங்கும் நெல் என்றால் எந்த வெள்ளம்? மரபணுத் தகவலை அடுக்கி வைக்கும் ‘ஆன்டாலஜி’ அட்டவணைகள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்பா வயல்கள் மூழ்கும் டெல்டா மாவட்டங்களில், விதை வாங்கும்போது விவசாயிகள் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, “இந்த ரகம் வெள்ளம் தாங்குமா?” என்பது. “தாங்கும்” என்று பதில் வருகிறது. அந்த ஒரு சொல்லை நம்பி, பக்கத்து பக்கத்து வயல்காரர்கள் இருவர் ஒரே விதையை வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் விவசாயி நாற்று விட்டு நடுகிறார். நட்ட 25ஆம் நாள் மழை பிடித்து, பயிர் பத்து நாள் முழுக மூழ்கிக் கிடக்கிறது. தண்ணீர் வடிந்ததும் புதுக் குருத்து விட்டுப் பயிர் எழுந்துவிடுகிறது. இரண்டாமவர் அதே விதையை முளைகட்டிச் சேற்று வயலில் நேரடியாக விதைக்கிறார். மூன்றாம் நாள் மழை. ஒரு வாரம் தண்ணீர் வடியவில்லை. விதை அழுகிப்போகிறது. “வெள்ளம் தாங்கும் என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்கள்” என்கிறார் அவர். விதையில் குறை இல்லை. விற்றவரும் பொய் சொல்லவில்லை. ‘வெள்ளம் தாங்கும்’ என்ற சொல்லுக்குள் நான்கு வேறு வேறு குணங்கள் ஒளிந்திருக்கின்றன என்பதுதான் சிக்கல்.

இதே சிக்கல் ஆராய்ச்சியாளர்களுக்கும் உண்டு. பல மடங்கு பெரிதாக. அதைத் தீர்க்க அவர்கள் செய்துகொண்ட ஏற்பாட்டுக்குத்தான் ‘ஆன்டாலஜி’ என்று பெயர். பெயர் மிரட்டினாலும் விஷயம் நம் ஊர்க் கணக்குக்கு அந்நியமானதல்ல.

குவிந்து கிடக்கும் தகவல்

நெல்லின் மரபணுத் தொகுப்பு முழுவதும் படிக்கப்பட்டு 2005இல் வெளியானது. படிக்கப்பட்டது ஜப்பானின் ‘நிப்பான்பாரே’ ரகம். 12 குரோமோசோம்கள், சுமார் 38.9 கோடி எழுத்துகள் கொண்ட டி.என்.ஏ., அதில் 37,544 மரபணுக்கள் இருக்கலாம் என்று அப்போது கணக்கிட்டார்கள். அதன் பிறகு சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும் சீன நிறுவனங்களும் சேர்ந்து 3,010 நெல் வகைகளின் மரபணுத் தொகுப்பைப் படித்து, 2018இல் ஆய்வு முடிவை வெளியிட்டார்கள்.

படித்தது எழுத்துகளை மட்டும்தான். எந்த மரபணு என்ன வேலை செய்கிறது என்பதை உலகம் முழுக்கப் பல ஆய்வுக்கூடங்கள் தனித்தனியே கண்டுபிடித்து எழுதின. ஒருவர் ‘மூழ்கல்’ என்று எழுதினார். இன்னொருவர் ‘வெள்ளம்’ என்று எழுதினார். மூன்றாமவர் ‘ஆக்சிஜன் பற்றாக்குறை’ என்றார். மனிதர் படித்தால் மூன்றுக்கும் உள்ள தொடர்பு புரியும். கம்ப்யூட்டர் எழுத்தைத்தான் ஒப்பிடும். ‘வெள்ளம்’ என்று தேடினால் மற்ற இரண்டும் அதன் கண்ணில் படாது.

புல எண் போல ஒரு எண்

ஊரில் ஒரு வயலை ஒருவர் ‘கோயில் வயல்’ என்பார், இன்னொருவர் ‘மேட்டுப்பங்கு’ என்பார், வாங்கியவர் தன் தாத்தா பெயரைச் சொல்லுவார். பத்திரத்திலும் அடங்கலிலும் அதற்கு ஒரே புல எண்தான். யார் எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் எண்ணைச் சொன்னால் நிலம் அதுதான்.

மரபணுவுக்கும் அப்படியே. பசுமைப் புரட்சியின் குட்டை நெல் ஐ.ஆர். 8 (1966) நமக்குத் தெரியும். அதன் குட்டைத்தன்மை, தைவானின் ‘டீ-ஜியோ-வூ-ஜென்’ ரகத்திலிருந்து வந்தது. அந்த மரபணுவைச் சிலர் ‘எஸ்.டி. 1’ என்றார்கள், சிலர் ‘டி 47’ என்றார்கள். 2002இல் அது ஜிப்பரெலின் என்ற வளர்ச்சி ஊக்கியை உண்டாக்கும் நொதிக்கான மரபணு என்று தெரிந்த பிறகு ‘ஜி.ஏ. 20 ஆக்சிடேஸ் 2’ என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. நெல் மரபணுப் பதிவேட்டில் இதன் எண் ‘ஓ.எஸ். 01 ஜி 0883800’. ஓ.எஸ். என்பது நெல்லின் தாவரவியல் பெயரான ஒரைசா சட்டைவா. 01 என்பது முதல் குரோமோசோம். எந்தப் பெயரில் கட்டுரை வந்தாலும் இந்த எண்ணோடு கட்டிவிட்டால் தகவல் சிதறாது.

ரகப் பெயர்களில் நாம் படும் பாடும் இதுதான். பி.பி.டி. 5204, சம்பா மசூரி, ஆந்திரா பொன்னி – மூன்றும் ஒன்றே. சி.ஆர். 1009, சாவித்திரி, பொன்மணி – இவையும் ஒன்றே. பெயரைக் கேட்டு வாங்குவதைவிட, மூட்டையின் அட்டையில் உள்ள ரக எண்ணைப் பார்த்து வாங்குவது எப்போதும் நல்லது.

எண் மட்டும் போதாது, உறவும் வேண்டும்

வெறும் பட்டியலாக இருந்தால் அதை அகராதி என்று சொல்லிவிடலாம். ஆன்டாலஜியில் ஒவ்வொரு சொல்லுக்கும் மற்ற சொற்களோடு உள்ள உறவும் எழுதப்பட்டிருக்கும். இரண்டு உறவுகள் முக்கியம். ஒன்று ‘இது அதன் ஒரு வகை’. மற்றது ‘இது அதன் ஒரு பகுதி’. கண்ணாடி இலை என்பது இலையின் ஒரு வகை. இலையுறை என்பது இலையின் ஒரு பகுதி. இந்த வித்தியாசம் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்ப்யூட்டருக்குச் சொல்லித்தர வேண்டும். சொல்லிவிட்டால், ‘இலை’ என்று தேடும்போது இலையுறையில் வேலை செய்யும் மரபணுக்களையும் அதுவே சேர்த்துக் கொண்டுவரும். மாவட்டத்தைக் கேட்டால் தாலுகா, பிர்கா, கிராமம் எல்லாம் உள்ளடங்கி வருவதுபோல.

ஒரு சொல்லுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தாய்த் தலைப்புகள் இருக்கலாம் என்பது கிராமக் கணக்கிலிருந்து இது மாறுபடும் இடம். ‘வறட்சிக்கு எதிர்வினை’ என்ற சொல், ‘தண்ணீருக்கு எதிர்வினை’ என்ற தலைப்பின் கீழும் வரும், ‘நெருக்கடிக்கு எதிர்வினை’ என்ற தலைப்பின் கீழும் வரும். எந்த வழியில் இறங்கினாலும் போய்ச் சேரலாம்.

இந்த முயற்சி பயிரில் தொடங்கவில்லை. ஈஸ்ட், பழ ஈ, எலி ஆகிய மூன்றின் மரபணுத் தகவல்களை வைத்திருந்தவர்கள் 1998இல் ஒன்றுகூடி ‘ஜீன் ஆன்டாலஜி’யைத் தொடங்கினார்கள். மனித நோய்களுக்கும் அறிகுறிகளுக்கும் இதேபோல மருத்துவ ஆன்டாலஜிகள் வந்தன. ஜீன் ஆன்டாலஜி ஒரு மரபணுவைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்கும்: அது உண்டாக்கும் புரதம் என்ன வேலை செய்கிறது, எந்தப் பெரிய காரியத்தில் பங்கெடுக்கிறது, செல்லுக்குள் எங்கே இருக்கிறது. ‘வெள்ளத்துக்கு எதிர்வினை’ என்பதற்கு அதில் 0009413 என்று எண். வறட்சிக்கு 0009414. உப்பு நெருக்கடிக்கு 0009651.

செல் மட்டத்தில் பேசும் இந்த அட்டவணை வயலுக்குப் போதாது. அதனால் பயிருக்கென்று வேறு அட்டவணைகள் வந்தன. செடியின் உறுப்புகளுக்கும் வளர்ச்சிப் பருவங்களுக்கும் ‘பிளான்ட் ஆன்டாலஜி’. பயிர்க் குணங்களுக்கு ‘டிரெய்ட் ஆன்டாலஜி’. பயிர் வளர்ப்பாளர்கள் வயலில் அளப்பவற்றுக்கு ‘கிராப் ஆன்டாலஜி’. அதில் நெல்லுக்கு 320 என்று எண். இந்தக் கடைசி அட்டவணை எனக்கு மிகவும் பிடித்தது. காரணம், அது குணத்தின் பெயரோடு நிற்பதில்லை. எப்படி அளந்தாய், எந்த அளவுகோலில் எழுதினாய் என்று மூன்றையும் சேர்த்துக் கேட்கும். ‘பயிர் உயரம்’ என்று எழுதினால் போதாது. தரை மட்டத்திலிருந்து எதுவரை அளந்தாய், சென்டிமீட்டரா என்று சொல்ல வேண்டும். நாம் ‘இடுப்பளவு’ என்று சொல்லிவிட்டுப் போவதை அது ஒத்துக்கொள்ளாது.

வெள்ளத்தை நான்காகப் பிரித்தால்

இப்போது அந்த இரண்டு விவசாயிகளிடம் திரும்பலாம். ‘வெள்ளம்’ என்ற பெரிய தலைப்பைத் திறந்து, எந்தப் பருவம், எவ்வளவு ஆழம், எத்தனை நாள் என்று பிரித்தால் குறைந்தது நான்கு குணங்கள் தனித்தனியே நிற்கின்றன.

முதலாவது, வளர்ச்சிப் பருவத்தில் முழுக மூழ்கித் தாங்குவது. ஒடிசாவின் ‘தாலபுட்டியா’ என்ற நாட்டு ரகத்திலிருந்து தேர்வு செய்த ‘எப்.ஆர். 13 ஏ’ இதற்குப் பேர்போனது. இந்தக் குணம் 9ஆம் குரோமோசோமில் இருப்பது 1996இல் தெரிந்தது. அங்குள்ள ‘சப் 1 ஏ’ என்ற மரபணுதான் காரணம் என்பது 2006இல் உறுதியானது. சாதாரண நெல், தண்ணீருக்கடியில் மாட்டினால் மேலே வந்துவிடலாம் என்று வேகமாக நீளும். சேமிப்பைச் செலவழித்து, வடிந்ததும் துவண்டு சாகும். சப் 1 ஏ உள்ள பயிர் நீளாமல், சேமிப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காத்திருக்கும். சுமார் இரண்டு வாரம் வரை இப்படித் தாங்கும். இந்த மரபணுவை மட்டும் ஸ்வர்ணா ரகத்துக்குள் கொண்டுவந்து உருவான ‘ஸ்வர்ணா சப் 1’ இந்தியாவில் 2009இல் வெளியானது. தமிழ்நாட்டில் நமக்குக் கிடைப்பது ‘சி.ஆர். 1009 சப் 1’.

இரண்டாவது, ஆழத் தண்ணீரில் வளர்ந்து மேலே வருவது. வங்கதேசம் போன்ற இடங்களில் மாதக்கணக்கில் ஆளுயரத் தண்ணீர் நிற்கும். அங்குள்ள ஆழநீர் நெல், தண்ணீர் ஏற ஏறத் தானும் நீளும். நாளொன்றுக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் வரைகூட. இதற்குக் காரணமான ‘ஸ்நார்கல்’ என்ற இரண்டு மரபணுக்களை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் அடையாளம் கண்டார்கள்.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. சப் 1 ஏ, ஸ்நார்கல் இரண்டும் ஒரே குடும்பம். இரண்டும் எத்திலீன் வாயுவின் அறிகுறிக்கு வேலை செய்பவை; இரண்டும் வேறு மரபணுக்களை இயக்குபவை. ‘என்ன வேலை செய்கிறது’ என்ற கட்டத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் எழுத முடியும். வயலிலோ ஒன்று செடியை ‘அசையாதே’ என்கிறது, மற்றது ‘ஓடு’ என்கிறது. செல் மட்டத்துச் சொல்லை மட்டும் பார்த்து ரகத்தைத் தேர்வு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. குண அட்டவணை தனியாக வேண்டியிருப்பதும் இதனால்தான்.

மூன்றாவது, தண்ணீருக்கடியில் முளைப்பது. நம் இரண்டாவது விவசாயிக்குத் தேவைப்பட்டது இதுதான். மியான்மரின் ‘காவ் ஹ்லான் ஆன்’ என்ற ரகத்தில் இந்தக் குணம் இருக்கிறது. அதற்கான மரபணு (‘டி.பி.பி. 7’) 2015இல் அறிவிக்கப்பட்டது, விதையிலுள்ள மாவுச்சத்தை முளைக்குச் சர்க்கரையாக மாற்றித் தருவதில் அதற்குப் பங்கு உண்டு. இதுவும் 9ஆம் குரோமோசோமில்தான் இருக்கிறது. ஆனால் சப் 1 ஏ வேறு, இது வேறு. ஒன்று இருப்பதால் மற்றது இருக்கும் என்று கருத முடியாது.

நான்காவது, முழங்கால் அளவுத் தண்ணீர் பருவம் முழுதும் வடியாமல் நிற்பதைத் தாங்குவது. இதில் பயிர் முழுக மூழ்குவதில்லை. ஆனால் தூர் கட்டாது. சப் 1 ஏ இதற்கு உதவுவதில்லை. குட்டையான சப் 1 ரகங்கள் இத்தகைய வடிகால் இல்லாத பள்ளக்காலில் பின்தங்கவே செய்கின்றன.

அறுவடை நேரத்து மழையில் கதிரிலேயே நெல் முளைப்பதை நாம் ‘வெள்ளச் சேதம்’ என்று நிவாரண மனுவில் எழுதுகிறோம். அட்டவணையில் அது வெள்ளத்தின் பக்கத்திலேயே இல்லை. விதை உறக்கம் என்ற வேறு கிளையில் இருக்கிறது. உறக்கக் காலம் உள்ள ரகமா என்பதுதான் அங்கே கேள்வி.

பதிவேட்டில் இல்லாத வயல்

அட்டவணை எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், எழுதப்படாதது அதில் இருக்காது. முதலில் படித்த நிப்பான்பாரே ரகத்தில் சப் 1 ஏ மரபணு கிடையவே கிடையாது. அந்த ஒரு ரகத்தின் தொகுப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்கத் தேடினாலும் கிடைத்திருக்காது. மணிச்சத்துக் குறைந்த மண்ணில் வேரை வளர்க்கும் ‘பி.எஸ்.டி.ஓ.எல். 1’ மரபணுவின் கதையும் இதேதான்: ‘கசலத்’ என்ற பாரம்பரிய ரகத்தில் இருக்கிறது, நிப்பான்பாரேயில் இல்லை. 3,010 வகைகளைப் படிக்க வேண்டியிருந்ததன் நியாயம் இது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் விதை வங்கியில் 1 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் உள்ளன. படித்தது அதில் சிறு பகுதிதான்.

சாட்சி யார்?

ஜீன் ஆன்டாலஜியில் ஒரு மரபணுவுக்கு எதிரே ஒரு சொல்லை எழுதும்போது, எதை வைத்து எழுதினோம் என்ற சாட்சிக் குறியையும் சேர்த்து எழுத வேண்டும். மரபணுவைக் கெடுத்துப் பார்த்து, பயிர் மாறியதைக் கண்டு எழுதியதற்கு ஒரு குறி. சோதனைக்கூடத்தில் நேரடியாக அளந்ததற்கு ஒரு குறி. ‘வேறு பயிரில் இதேபோன்ற மரபணு இந்த வேலை செய்கிறது, அதனால் இதுவும் செய்யலாம்’ என்று கம்ப்யூட்டரே எழுதியதற்கு வேறொரு குறி. பயிர்களில் உள்ள பதிவுகளில் பெரும்பகுதி இந்தக் கடைசி வகைதான். பார்த்தவன் சாட்சிக்கும் கேட்டவன் சாட்சிக்கும் பஞ்சாயத்தில் என்ன வித்தியாசமோ அதே வித்தியாசம் இங்கும் உண்டு. ‘இந்த ரகத்தில் வறட்சி தாங்கும் மரபணு இருக்கிறது’ என்று விளம்பரம் வந்தால், வயலில் நிறுத்திப் பார்த்ததா, கணக்கில் வந்ததா என்று கேட்கலாம்.

ஆய்வாளர்கள் இந்த அட்டவணையை வைத்துச் செய்யும் இன்னொரு வேலையும் எளிதுதான். மூழ்கிய பயிரில் ஆயிரக்கணக்கான மரபணுக்களின் இயக்கம் ஒரே நேரத்தில் மாறும். ஒவ்வொன்றாகப் பார்த்தால் காலம் போதாது. மாறியவற்றில் எந்தத் தலைப்பின் கீழ் வழக்கத்தைவிட அதிகக் கூட்டம் இருக்கிறது என்று எண்ணுவார்கள். ஊரெல்லாம் நூறு வீட்டுக்கு ஐந்தில் காய்ச்சல் இருக்க, ஒரு தெருவில் மட்டும் பத்துக்கு எட்டு வீட்டில் இருந்தால் அந்தத் தெருக் குழாயை முதலில் பார்ப்போம் அல்லவா, அதுபோல. சப் 1 ஏ மரபணு வெள்ளத்துக்குப் பிறகு வரும் வறட்சியிலிருந்து மீளவும் உதவுகிறது என்று 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. இதனால் ஒரே மரபணு இரண்டு தலைப்புகளுக்குள் இடம்பெற்றது.

விதை வாங்கும் முன்பும், வெள்ளம் வடிந்த பின்பும்

உதவி வேளாண் அலுவலரிடமோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ “வெள்ளம் தாங்குமா?” என்று கேட்காதீர்கள். உங்கள் வயலைச் சொல்லிக் கேளுங்கள். “என் வயலில் நட்ட 20, 30 நாளில் பயிர் முழுக மூழ்கும், பத்து நாளில் வடிந்துவிடும்” என்றால் சப் 1 ரகம் பொருத்தம். “விதைத்த உடனே தண்ணீர் கட்டிவிடும்” என்றால் சப் 1 மட்டும் காப்பாற்றாது. நேரடி விதைப்பைத் தவிர்த்து நாற்று விட்டு நடுவதையோ, மழைக்கு முன்பே முளை எழும்படி விதைப்பை முன்தள்ளுவதையோ யோசிக்க வேண்டும். “மார்கழி வரை முழங்கால் தண்ணீர் வடியாது” என்றால் முதல் வேலை வடிகால், ரகம் அடுத்தது. சி.ஆர். 1009 சப் 1 நீண்ட காலப் பயிர் என்பதால் பின்பட்டத்துக்கு அது ஒத்துவருமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

வெள்ளம் வந்து போனால் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: ரக எண், விதைத்த நாள், நட்ட நாள், மூழ்கிய அன்று பயிரின் வயது, எத்தனை நாள் மூழ்கியது, இலை நுனி வெளியே தெரிந்ததா, தண்ணீர் தெளிவா கலங்கலா, வடிந்த பிறகு நூறு குத்துக்கு எத்தனை பிழைத்தது. கலங்கல் தண்ணீரில் வெளிச்சம் இறங்காததால் சப் 1 பயிரும் சீக்கிரம் தளரும். ஆகவே அந்த ஒரு குறிப்பு முக்கியம். ‘பயிர் போச்சு’ என்ற சொல்லை எந்த அட்டவணையிலும் ஏற்ற முடியாது. ‘27ஆம் நாள் பயிர், 9 நாள், கலங்கல், நூற்றுக்கு 62 பிழைத்தது’ என்பதை ஏற்ற முடியும்.

பாரம்பரிய ரகம் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் 2001இன்படி விவசாயிகள் தங்கள் ரகத்தைப் பதிவு செய்யலாம். அப்போது இலை, தண்டு, கதிர், மணி எனக் குணம் குணமாகக் கேட்பார்கள். ‘நல்லா தாங்கும்’ என்று எழுத அதில் கட்டம் கிடையாது.

பிளான்ட் ஆன்டாலஜியில் செடியின் உறுப்புகளுக்கு ஸ்பானிய, ஜப்பானிய மொழிப் பெயர்களும் மாற்றுப் பெயர்களாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. எண் ஒன்று, பெயர் எத்தனை மொழியிலும் இருக்கலாம். பொதி, குருத்து, கண்ணாடி இலை, பால் பருவம் என்று நம்மிடம் உள்ள சொற்கள் ஒவ்வொன்றும் பருவத்தையும் உறுப்பையும் துல்லியமாகச் சொல்பவை. நோட்டில் எழுதும்போது ஆங்கிலம் தேடி அலைய வேண்டாம். அந்தச் சொற்களையே எழுதுங்கள்.